வெள்ளிக்கிழமை உண்டியல்

மாப்பிள்ளையின் போட்டோவை முகம்கூடப் பார்க்காமல் பீரோத் தாளுக்கு அடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, கழுகுமலை வீட்டிலிருந்து கோவில்பட்டி ஹாஸ்டலுக்கு பஸ் ஏறிவிட்டாள் சுதாராணி. போன வாரம் அவளை அந்த பஸ்ஸில்தான் விட்டுவிட்டு வந்தோம்.

பையன் பெயர் என்ன, எந்த ஊர், என்ன கடை என்று சொல்ல அம்மா ராஜகனி எத்தனையோ முறை வாயெடுத்தாள். ஒவ்வொரு முறையும் மகள் எழுந்து வேறு அறைக்குப் போனாள். காது கொடுத்துக் கேட்டால் பாதி சம்மதித்தது போலாகிவிடும் என்று அவளுக்கு ஒரு வீம்பு.

அப்பா லிங்கராஜ் சொன்னதை மட்டும் கேட்காமல் இருக்க முடியவில்லை. எதிரில் இருப்பவருக்குக் கேட்க விருப்பமா என்று பார்த்துப் பேசுகிறவர் இல்லை அவர்.

“வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவிய வாராவ. மூணு மணிக்குள்ள வீட்டுல இருக்கணும். பிடிச்சுப்போச்சுன்னா தை மாசம் கல்யாணம். படிப்பைப் பத்திப் பிறகு பேசிக்கிடுவோம்.”

பிறகு பேசிக்கொள்வோம் என்று லிங்கராஜ் தள்ளிவைத்த எதையும் அந்த வீட்டில் பிறகு பேசியதாகச் சரித்திரம் கிடையாது. தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி அவர்; தொழிற்சாலையை அந்தப் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். ஆபீஸில் எதிர்த்துப் பதில் சொன்னவர்களுக்கு மறுநாள் வேலை இருக்காது. அதே வழக்கத்தை வீட்டுக்கும் கொண்டு வந்துவிட்டார். சுதாராணி நர்சிங்கில் இரண்டாம் வருடம். கழுத்தில் தாலி ஏறினால் தலையில் இருக்கும் நர்ஸ் தொப்பி இறங்கிவிடும் என்பதற்கு ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை.

வெள்ளிக்கிழமையும் வந்தது.

அன்று காலையில் நர்சிங் பள்ளி வாசலில் பந்தல் போட்டு, மைக் கட்டி, குத்துவிளக்கு வைத்திருந்தார்கள். எல்லாம் எதற்கு? பிள்ளைகள் உண்டியல் குலுக்கக் கடைவீதிக்குப் போகிறார்கள். அதற்கு ஒரு தொடக்க விழா. ஊரின் பிரமுகர் ஒருவர் ஒரு மணி நேரம் தாமதமாக வந்து, பொன்னாடையை வாங்கிக்கொண்டு, தியாகத்தைப் பற்றி நீளமாகப் பேசினார். வெயிலில் நின்ற பிள்ளைகளில் ஒருத்தி மயங்கி உட்கார்ந்தாள். அவளுக்குச் சோடா வாங்கிக் கொடுக்கப் போனவர்களையும் சத்தம் போடாமல் போகச் சொன்னார்கள், பேச்சு கெடுகிறதாம்.

கடைசியில் பிரமுகர் முதல் நோட்டை உண்டியலில் போட வேண்டும். போட்டோகிராபர் சொன்னபடி, பாதி உள்ளே பாதி வெளியே என்று நோட்டைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டினார். பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. எல்லோரும் கை தட்டினார்கள். நோட்டு மறுபடி அவருடைய சட்டைப்பைக்கே போனதை யாரும் கவனிக்கவில்லை. சுதாராணி கவனித்தாள்.

“பாத்தியா?” என்று பக்கத்தில் நின்ற சனாவின் இடுப்பில் இடித்தாள்.

“பாத்தேன். பேசாம வா,” என்றாள் சனா.

சனா அவளுடைய ரூம்மேட். கடைவீதியில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் பிச்சை முகம்மதுவின் மகள். சுதாராணிக்கு எல்லாவற்றின் மேலும் வருகிற கோபத்தில் பாதியைச் சனாதான் தினமும் தணித்துக்கொண்டிருந்தாள்.

கோபம் விழாவின் மேல்தான். காரியத்தின் மேல் இல்லை. அந்த ஊரில் புற்றுநோய்க்காரர்களுக்கென்று ஓர் ஆதரவு மையம் உண்டு. பெயர்தான் மையம். ஸ்டேஷன் பக்கம் ஒரு வாடகை வீடு, நாலைந்து கட்டில், காலையில் கஞ்சி. புதூர், குளத்தூர் பக்கத்திலிருந்து மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்குக் ‘கரண்டு’ வைத்துக்கொள்ளப் போகிறவர்கள் வழியில் படுத்து எழுந்து போவார்கள். கதிர்வீச்சு வைத்தியத்துக்கு அந்தச் சீமையில் அதுதான் பெயர். கையில் இல்லாதவர்களுக்கு மையம் பஸ் சார்ஜும் கொடுக்கும், மையத்தின் கையில் இருந்தால்.

இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதைச் சுதாராணி வார்டில் பார்த்திருக்கிறாள். புதூர்ப் பக்கத்து அய்யாத்துரை, ஆடு மேய்க்கிறவர். வாய்க்குள் வந்த புண் கன்னத்தைத் துளைத்து வெளியே வந்திருந்தது. பாதிக் கரண்டோடு நிறுத்திவிட்டார். ஏன் நிறுத்தினீர் என்று டாக்டர் கத்தியபோது, “ஒவ்வொரு ஆடா வித்துத்தான் பஸ் ஏறினேன். ஆடு தீந்துபோச்சு” என்றார். அவருக்குக் கட்டு மாற்றியது சுதாராணி. ஒரு பகல் வேளையில் கட்டு மாற்றிக்கொண்டிருக்கும்போதே இறந்துபோனார்.

அதனால்தான் இந்த உண்டியல் வேலைக்கு முதல் ஆளாகக் கையைத் தூக்கினாள். தூக்கிய கையோடு ஒரு விஷயத்தையும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

நாள் குறித்தது பிரின்சிபால் ஏலியாம்மா. கோட்டயத்துக்காரர். நல்லவர், ஆனால் கோவில்பட்டிக் கடைவீதியைப் பற்றி அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. வெள்ளிக்கிழமை வகுப்புக் குறைவு, அன்றைக்கே போகலாம் என்று முடிவு செய்துவிட்டார். வெள்ளிக்கிழமை இங்கே கல்லாவிலிருந்து காசு வெளியே போகாது. லட்சுமி வெளியேறிவிடுவாளாம். லிங்கராஜின் ஆபீஸில் கூலியே சனிக்கிழமைதான். வெள்ளிக்கிழமை ஒரு பெண் பிரசவத்துக்குப் போனால்கூட “நாளைக்கு வாங்கிக்கோ” என்பார்.

இதெல்லாம் சுதாராணிக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். பந்தலும் பொன்னாடையுமாகக் குதிக்கிறார்களே, நாலு கடையில் மூக்குடைந்து வரட்டும் என்று பேசாமல் இருந்துவிட்டாள். உடையப் போவது யாருடைய மூக்கு என்று யோசித்திருக்க வேண்டும்.

“எந்தா சுதா, முகம் இப்படி? சிரிச்சோண்டு போகணும், கேட்டோ,” என்று பிரின்சிபால் அவள் கையில் உண்டியல் டின்னைக் கொடுத்தார்.

கடைவீதியில் அவர்கள் ஏறி இறங்கியதை விவரமாகச் சொன்னால் உங்களுக்கே அலுத்துப்போகும். “இன்னும் போணி ஆகலம்மா.” “முதலாளி இல்லை.” முதலாளியே இதைச் சொன்னார். “வெள்ளிக்கிழமை பாத்தா வருவாங்க?” ஜவுளிக்கடையில் ஒருவர் டின்னைக் கையில் வாங்கிக் குலுக்கிப் பார்த்து, சத்தம் வராததால் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார். கோயில் கொடைத் திருவிழாவுக்கு மைக்கில் பெயர் வாசித்தால் அள்ளிக் கொடுக்கிற கைகள் இவை. டின்னுக்குள் விழுகிற காசுக்கு யார் பெயர் வாசிப்பார்கள்?

பெரிய மளிகை மொத்தக்கடை ஒன்றின் முன் வந்து நின்றார்கள். பழைய போர்டில் யாரோ தாத்தா பெயர். உள்ளே வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் சாமி படத்துக்குச் சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தார். கல்லாவில் இஸ்திரிச் சட்டையோடு ஓர் இளைஞன். அப்பாவும் மகனும் என்று முகமே சொல்லியது.

“அண்ணாச்சி, நாங்க நர்சிங் ஸ்கூல்ல இருந்து வாரோம். புற்றுநோய் ஆதரவு மையத்துக்கு…” என்று சனா ஆரம்பித்தாள்.

“ஏம்மா, நிறுத்து.” பெரியவர் சாம்பிராணித் தட்டைக் கீழே வைத்தார். “வெள்ளிக்கிழமை. போணி ஆகலை. விளக்கு இப்பத்தான் ஏத்தியிருக்கு. எழவு வீட்டுக்கு வந்த மாதிரி வெள்ளைச் சேலையைச் சுத்திக்கிட்டு வந்து, அந்தச் சீக்குப் பேரைக் கடைக்குள்ள சொல்லுதீங்களே, உங்களுக்கெல்லாம் வளர்த்த ஆள் யாரும் இல்லையா?”

“பிறகு வாரோம், அண்ணாச்சி,” என்றாள் சுதாராணி. குரலை அடக்குவதற்குள் பெரும்பாடு பட்டாள்.

“பிறகும் வர வேண்டாம். ஏலே செல்வம், மஞ்சத்தண்ணி எடுத்துத் தெளி.”

இளைஞன் எழுந்தான். சுதாராணியை ஒரு பார்வை பார்த்தான், சட்டென்று கண்ணைத் திருப்பிக்கொண்டான். பிறகு பித்தளைச் செம்பை எடுத்து வந்து, அவர்கள் நின்ற படிக்கட்டில் மஞ்சள் தண்ணீரைத் தெளித்தான். தீட்டு கழிக்கிற வீட்டில் தெளிப்பார்களே, அதே மாதிரி. அவர்கள் இறங்கி முடிக்கும் வரைகூடப் பொறுக்கவில்லை. சுதாராணியின் வெள்ளைச் சேலையின் கீழ்க்கரை மஞ்சளாயிற்று.

அவள் திரும்பி நின்று அவனை நேராகப் பார்த்தாள். அவன் செம்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். சொந்தமாக ஒரு சொல் இல்லாத ஆம்பளை என்று நினைத்தாள். அப்பன்காரனாவது மனசில் இருக்கிற அழுக்கை வாயால் கொட்டினான். இவனுக்கு அதுவும் இல்லை.

“வா,” என்று சனா கையைப் பிடித்து இழுத்தாள். “ஆஸ்பத்திரியில இதைவிட என்னென்னமோ மேல பட்டிருக்கு. மஞ்சத்தண்ணிதானே, கிருமி சாகும்.”

“கிருமி கடைக்குள்ளல்லா நிக்குது,” என்றாள் சுதாராணி.

சனா அவளை நேராகத் தன் அத்தாவின் கடைக்குக் கூட்டிப்போனாள். பிச்சை முகம்மது கல்லாவுக்குப் பக்கத்தில் சில்லறையைக் குவித்து வைத்திருந்தார். ஜும்மாத் தொழுகைக்கு முன்னால் கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுப்பது அவர் வழக்கம். குவியலைக் கையால் வழித்து அப்படியே டின்னுக்குள் தள்ளினார்.

“உங்க பிரின்சிபாலுக்கு நாள் சொல்ல ஊர்ல ஒரு ஆள் கெடைக்கலையா?” என்று கேட்டார். சுதாராணி தலையைக் குனிந்துகொண்டாள். “சரி, விடுங்க. இந்த வரிசையில எல்லாக் கடையும் ஏறுங்க. இன்னைக்கு எங்க ஆளுங்க இல்லைன்னு சொல்ல மாட்டாங்க. நாளைக்கு வந்து அந்த வரிசையில கேளுங்க. நாளைக்கு அவங்க குடுப்பாங்க.”

“நாளைக்கும் குடுக்க மாட்டாங்க, மாமா,” என்றாள் சுதாராணி.

“குடுப்பாங்கம்மா. எல்லாரையும் ஒரே தராசுல போடாத,” என்றார் அவர். நியாயமான பேச்சுதான். அன்றைக்கு அது அவளுக்கு உறைக்கவில்லை. மத்தியானம் டின்னைச் சனாவிடம் கொடுத்துவிட்டு, கரை மஞ்சளான சேலையோடு கழுகுமலை பஸ் ஏறினாள்.

ராஜகனியின் கண் நேராகச் சேலைக் கரைக்குத்தான் போனது.

“என்னட்டி இது?”

சொல்லக் கூடாது என்றுதான் வந்தாள். அம்மா கேட்டதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். டின், சாம்பிராணி, ‘வளர்த்த ஆள் இல்லையா’ என்ற கேள்வி, செம்பு. ராஜகனி குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை. வேறு சேலையைக் கொடுத்துவிட்டு, வெள்ளைச் சேலையைப் புறவாசல் கல்லில் போட்டு சோப்பைத் தேய்த்தாள். மஞ்சள் சோப்புப் பட்டதும் சிவப்பாக மாறியது. தேய்க்கத் தேய்க்கச் சிவப்பு பரவியதே தவிரப் போகவில்லை.

“வளர்த்த ஆள் இல்லையான்னா கேட்டாரு?” என்று மட்டும் கேட்டாள்.

“ஆமா.”

ராஜகனி சேலையைப் பிழிந்து கொடியில் போட்டாள்.

சாயங்காலம் வாசலில் அம்பாசிடர் வந்து நின்றது. லிங்கராஜ் தெருவரைக்கும் போய்க் கதவைத் திறந்துவிட்டார். ஆபீஸில் மற்றவர்கள் தனக்குச் செய்வதை அவர் இன்னொருவருக்குச் செய்து சுதாராணி பார்த்ததில்லை. பெண் பார்க்க வெள்ளிக்கிழமை ரொம்ப நல்ல நாளாம். பெண்ணும் வெளியே போகிற பொருள்தானே என்று உள்ளறையில் பட்டுச்சேலையோடு உட்கார்ந்திருந்தவள் நினைத்துக்கொண்டாள்.

கூப்பிட்டார்கள். காபித் தட்டோடு போனாள். நிமிர்ந்து பார்த்தாள்.

காலையில் சாம்பிராணி காட்டியவர் சோபாவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. அந்தப் பக்கம் செம்பு பிடித்த கை.

“இதுதான் சௌந்தரபாண்டியன் அண்ணாச்சி. கோவில்பட்டியில அய்யா கடைன்னா தெரியாத ஆள் கிடையாது. இது மாப்பிள்ளை, முத்துசெல்வம்,” என்றார் லிங்கராஜ்.

சௌந்தரபாண்டியன் அவளை மேலிருந்து கீழ் வரை பார்த்துத் திருப்தியாகத் தலையை ஆட்டினார். அடையாளமே தெரியவில்லை அவருக்கு. காலையில் அவர் பார்த்தது ஒரு வெள்ளைச் சேலையையும் ஒரு டின்னையும். இப்போது பார்ப்பது ஒரு பட்டுச் சேலையையும் இரட்டைவடச் சங்கிலியையும். நடுவில் இருந்த முகத்தை இரண்டு தடவையும் அவர் பார்க்கவில்லை.

மகனுக்கு அடையாளம் தெரிந்தது. டம்ளரை எடுக்கும்போது காபி தளும்பிச் சட்டையில் பட்டது.

பேச்சு தீப்பெட்டி விலையில் தொடங்கி, சுற்றிச் சுற்றித் தான தர்மத்துக்கு வந்தது. சௌந்தரபாண்டியன் தன் தர்மத்தைத் தானே எடுத்துச் சொல்லக் கூச்சப்படுகிறவர் இல்லை.

“இன்னைக்குக் காலையில பாருங்க, நர்சுப் பிள்ளைக உண்டியல் தூக்கிட்டு வந்துச்சுங்க. புற்றுநோய்க்காரங்களுக்காம். பாவம், வெறுங்கையா அனுப்ப மனசு வருமா?” என்றார். “ஆனா லிங்கராஜ், அந்தக் கண்றாவிப் படிப்பைப் பொம்பளைப் பிள்ளைகளுக்கு எப்படித்தான் குடுக்காங்களோ? கண்டவன் பீ மூத்திரம் அள்ளுத வேலை. நம்ம வீடுன்னா உள்ள விடுவோமா?”

லிங்கராஜ் சிரித்தார். “அதெப்படி விட முடியும், அண்ணாச்சி?”

சுதாராணிக்கு ஒன்றும் புரியவில்லை. தன் அப்பா ஏன் சிரிக்கிறார்?

பையனும் பெண்ணும் தனியே இரண்டு வார்த்தை பேசட்டும் என்றார் பையனின் அம்மா. இப்போது அது ஒரு நாகரிகம். முடிவெல்லாம் கூடத்தில் ஆன பிறகு பிள்ளைகளுக்குப் புறவாசலில் ஐந்து நிமிஷம் கொடுப்பார்கள்.

புறவாசலில் கொடியில் வெள்ளைச் சேலை ஆடிக்கொண்டிருந்தது. முத்துசெல்வம் அதன் சிவந்த கரையைப் பார்த்தான். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான்.

“நீங்க கோவமா இருப்பீங்கன்னு தெரியும்,” என்றான்.

மன்னிப்புக் கேட்கப் போகிறான், கேட்டால் எந்த முகத்தோடு கேட்கிறான் என்று பார்க்கலாம் என்று நின்றாள்.

“காலையில பாத்ததுமே எனக்கு உங்களைத் தெரிஞ்சுபோச்சு. உங்க போட்டோவை நான் பர்ஸ்லயே வச்சிருக்கேன்.”

“தெரிஞ்சுதான் தெளிச்சீங்களா?”

“நான் தெளிக்காட்டா அப்பா கடையில வேற யாரையாவது தெளிக்கச் சொல்லியிருப்பாவ. அவன் உங்க மேலயே ஊத்தியிருப்பான். நான் பாத்து ஓரமாத்தான் தெளிச்சேன்.” கொடியைப் பார்க்காமல் சொன்னான். “உங்களை எனக்குத் தெரியும்னு காட்டியிருந்தா, அப்பா யாரு என்னன்னு கேட்டிருப்பாவ. நீங்க நர்சுக்குப் படிக்கிறது அங்கனயே வெளிய வந்திருக்கும்.”

“அது வெளியில வந்தா என்ன?”

அவன் அவளை ஆச்சரியமாகப் பார்த்தான். “உங்க அப்பா பி.எஸ்சி. கணக்குன்னுதானே சொல்லியிருக்காவ? போன மாசம் எங்க கடைக்கு வந்து பேசினப்ப அப்படித்தான் சொன்னாவ. மதுரையில ஹாஸ்டல்ல இருந்து படிக்குதுன்னு. எங்க அப்பாவுக்கு உண்மை தெரிஞ்சா சம்பந்தமே நின்னுபோகும். நீங்க பயப்படாதீங்க. நான் சொல்ல மாட்டேன்.”

சொல்லிவிட்டு நின்றான். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தான். முகத்தில் அது அப்பட்டமாகத் தெரிந்தது.

சுதாராணி கொடியில் ஆடிய சேலையைக் கையால் பிடித்து நிறுத்தினாள். காலையிலிருந்து வந்த கோபமெல்லாம் யாரோ ஒரு கடைக்காரன் மேல் வந்த கோபம். இது அப்படி இல்லை. அய்யாத்துரை இறந்த வாரம் வீட்டுக்கு வந்து, அவருக்குக் கட்டு மாற்றியதைச் சாப்பாட்டு வேளையில் சொன்னாள். அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார். மனசு கஷ்டப்பட்டு எழுந்தார் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். அருவருத்து எழுந்திருக்கிறார். பெற்ற அப்பாவே அவள் படிப்பைத் தீட்டு மாதிரி மறைத்து வைத்து விலை பேசியிருக்கிறார்.

“நீங்க கெட்டவர் இல்லை,” என்றாள் முத்துசெல்வத்திடம். “உங்க அப்பா கெட்ட காரியம் செய்ய நீங்க செம்பு பிடிக்கீங்க. அவ்வளவுதான். ஓரமாத் தெளிச்சேன்னு அதுக்கு ஒரு பெருமை வேற. இங்கனயே நில்லுங்க. நான் வாரேன்.”

கூடத்துக்குள் அவள் தனியாக வந்ததைப் பார்த்து லிங்கராஜ் எழுந்தார். “என்னம்மா, பேசியாச்சா?”

“பேசியாச்சுப்பா.” சௌந்தரபாண்டியன் பக்கம் திரும்பினாள். “அண்ணாச்சி, காலையில வந்த பிள்ளைகளை வெறுங்கையா அனுப்பலைன்னு சொன்னீங்க. நிசந்தான். மஞ்சத்தண்ணி தெளிச்சு அனுப்புனீங்க. உங்க மகனை விட்டுத் தெளிக்கச் சொன்னீங்க. டின்னு தூக்கிட்டு வந்தது நான்தான். நர்சுக்கு ரெண்டாவது வருசம் படிக்கேன். பி.எஸ்சி. படிக்கலை.”

காபித் தட்டை எடுக்க வந்த ராஜகனி அடுக்களை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

ஒரு மனிதனுக்கு வெட்கம் என்று ஒன்று இருந்தால் அது வர வேண்டிய நேரம் இதுதான். சௌந்தரபாண்டியன் சுதாராணியைப் பார்க்கவே இல்லை. லிங்கராஜைப் பார்த்தார்.

“என்ன லிங்கராஜ், பி.எஸ்சி.ன்னு சொன்னீரு?”

“அண்ணாச்சி, அது வந்து…”

“பொய் சொல்லிச் சம்பந்தம் பேசுதீரா? கோவில்பட்டி பூரா இந்தப் பிள்ளை டின்னு தூக்கி அலைஞ்சிருக்கு. நாளைக்கு என் மருமக உண்டியல் குலுக்கினவன்னு நாலு பேர் பேசுவான்லா?”

அவர் எழுந்தார். அவர் மனைவியும் எழுந்தார். லிங்கராஜ் பின்னாலேயே போனார். ஆபீஸில் நூறு பேரை அதட்டுகிற அந்தக் குரல் குழைந்ததைக் கேட்கச் சகிக்கவில்லை.

“அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீங்க. சின்னப் பிள்ளை, விவரமில்லாமப் பேசுது. நாளையில இருந்து அவ படிப்பு நின்னுச்சு. காலையிலேயே போய் ஹாஸ்டல்ல பெட்டியை எடுத்துட்டு வந்திருதேன். இதோட முடிஞ்சுது. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.”

சௌந்தரபாண்டியன் வாசலில் ஒரு காலைச் செருப்புக்குள் நுழைத்திருந்தார். இன்னொரு காலை நுழைக்காமல் நின்றார். கோபக்கார முகத்தில் வியாபாரி முகம் எட்டிப் பார்த்தது. பெண்ணின் வாயை அடக்கிவிடலாம், அப்பனின் தீப்பெட்டி ஆபீஸும் ஒரே மகளும் அப்படியேதான் இருக்கின்றன என்று அந்த முகம் கணக்குப் போட்டது.

“பெட்டியை எடுத்துட்டு வந்துட்டுச் சொல்லும்,” என்றார். “யோசிப்போம்.”

சுதாராணி வாசல் நிலைவரை வந்துவிட்டாள். இவ்வளவு சொன்ன பிறகும் இது முடியாதா? இந்த மனிதனின் முகத்தில் எதைத்தான் எறிவது?

அப்போது ராஜகனி கூடத்தைத் தாண்டி வந்தாள். ஆம்பளைகள் பேசுகிற இடத்துக்கு அந்த வீட்டில் அவள் ஒருநாளும் வந்ததில்லை. முந்தானையை இழுத்துச் செருகியிருந்தாள். கையில் சோப்பு ஈரமெல்லாம் எப்போதோ காய்ந்துவிட்டது, ஆனாலும் இரண்டு கையையும் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

“இவளை வளர்த்த ஆள் நான்தான், அண்ணாச்சி,” என்றாள். சத்தமே உயரவில்லை. “அந்த இன்னொரு செருப்பையும் போடுங்க.”

சௌந்தரபாண்டியன் அவளைப் பார்த்தார். பிறகு லிங்கராஜைப் பார்த்தார். வீட்டுக்காரி பேசியதற்கு வீட்டுக்காரன் என்ன செய்யப்போகிறான் என்ற பார்வை அது.

“ஏட்டி, உள்ள போ,” என்றார் லிங்கராஜ்.

“போறேன். அவிய கிளம்பட்டும்.” ராஜகனி நகரவில்லை. “ஹாஸ்டலுக்கு நீங்க போக வேண்டாம். திங்கக்கிழமை நானே இவளைக் கொண்டுபோய் விடுதேன். அந்தப் பிரின்சிபாலையும் பாத்துட்டு வாரேன்.”

லிங்கராஜின் வாய் திறந்தது. அடுத்த நாளிலிருந்து வேலை கிடையாது என்று இவளிடம் சொல்ல முடியாது.

சௌந்தரபாண்டியன் குனிந்து செருப்பை மாட்டினார். வார் சிக்கிக்கொண்டது. யாரும் உதவிக்குக் குனியவில்லை. டிரைவர் ஓடிவந்து கார்க் கதவைத் திறந்தான். அவர் ஏறி உட்கார்ந்து கதவை அறைந்து சாத்திய சத்தத்தில் எதிர்வீட்டில் எட்டிப் பார்த்தார்கள்.

அவர் மனைவி மட்டும் காரில் ஏறாமல் வாசலிலேயே நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்.

“செல்வத்தை எங்க?” என்றார். “இம்புட்டுச் சத்தம் கேட்டும் அவன் ஏன் இன்னும் வெளிய வரலை?”